குறுக்கே பேசினால்: கையா, மௌனமா, முறையா?

"நேத்து வந்த காஸ்டிங் லாட்டுல ஆறு பீஸ்…"

நான் இவ்வளவுதான் சொல்லியிருந்தேன். "ஆறுதானுங்களே மேடம்? நூத்தி இருபதுல ஆறு. அதை ஒதுக்கி வெச்சுட்டு மிச்சத்தை மெஷினுக்கு விட்டுருங்க" என்றார் எங்கள் ஜெனரல் மேனேஜர், ஜி.எம். புரொடக்‌ஷன் மேனேஜர் தலையை ஆட்டினார். ஸ்டோர்ஸ் அண்ணன் நோட்டில் குறித்துக்கொண்டார். பேச்சு டிஸ்பேட்ச் லாரிக்குத் தாவிவிட்டது.

நான் சொல்ல வந்தது இது: "ஆறு பீஸ் ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு எடுத்தோம், அதுல நாலு ஒழுகுது." ஹைட்ரோ டெஸ்ட் என்றால் காஸ்டிங்குக்குள், அதாவது வார்ப்புக்குள், தண்ணீரை அழுத்தி ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பது. 120-இல் ஆறு பழுது என்பதற்கும் சோதித்த ஆறில் நான்கு பழுது என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பம்ப் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாட்டையே நிறுத்தியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில்தான் எழுதியிருக்கிறோமே, படிப்பார்கள் என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டு ஷிப்ட் மெஷினிங் ஓடிய பிறகு ப்ளோ ஹோல்கள், வார்ப்புக்குள் இருந்த காற்றுத் துளைகள், பல்லை இளித்தன. அப்புறம் நடந்த விசாரணையில் எல்லோரும் கேட்ட கேள்வி: "மீட்டிங்ல ஏன் சொல்லலை?"

சொன்னேன். பாதி சொன்னேன்.

கோவைப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். தினமும் காலை ஒன்பதே காலுக்கு ஷாப் ஃப்ளோர் ஓரத்தில் நின்றபடியே ஒரு மீட்டிங். ஒன்பது பேர், இருபது நிமிடம். ஜி.எம். கெட்டவர் இல்லை. வாக்கியத்தின் பாதியிலேயே மீதி அவருக்குப் புரிந்துவிடும், பத்தில் ஒன்பது தடவை சரியாகவே புரியும். அந்தப் பத்தாவது தடவைக்கு என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. இதற்கென்று எனக்குத் தெரிந்த வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றையும் முயன்று பார்த்தேன், கொஞ்சம் படித்தும் பார்த்தேன். எது எங்கே எடுபடுகிறது, எது எங்கே கையைச் சுடுகிறது என்று எழுதிவைக்கிறேன்.

முதலில், எல்லாக் குறுக்கீடும் குறுக்கீடு இல்லை. நான் பேசும்போது பேக்கிங் பிரிவுத் தம்பி "ஆமாங்க, ஆமாங்க, நேத்தும் அப்படித்தான்" என்று மேலேயே பேசுவான். அது என் பேச்சைத் தூக்கிவிடுகிற பேச்சு. அமெரிக்க மொழியியலாளர் டெபோரா டானன் 1978-இல் ஒரு நன்றி நவிலல் நாள் விருந்தில் ஆறு பேர் பேசியதைப் பதிவு செய்து ஆராய்ந்தார். நியூயார்க்கர்கள் மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்கு அது ஈடுபாட்டின் அடையாளம். மற்றவர்களுக்கோ வாயைத் திறக்கவே இடமில்லாமல் போனது. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் யார் யாரை முடிக்கவிட்டார்கள்? ஆகவே உடனே முகம் சுளிக்க வேண்டாம். பேச்சு முடிந்தபோது நான் சொல்ல வந்த விஷயம் மேஜைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும். வந்துவிட்டதென்றால் நடந்தது உதவி.

கதவைத் திறந்தது யார்?

வழிகளுக்குப் போகுமுன் எனக்கே சங்கடமான ஒரு கண்டுபிடிப்பு. ஒரு வாரம் ஜி.எம். என்னை எந்த இடத்தில் வெட்டுகிறார் என்று கவனித்தேன். பெரும்பாலும் நான் அவர் முகத்தைப் பார்த்த நொடியில்.

பேச்சு கைமாறுவதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1974-இல் ஹார்வி சாக்ஸ், இமானுவல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் மூவரும் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். ஒருவர் எங்கே முடிக்கப் போகிறார் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே ஊகித்து, அந்த இடத்துக்குக் காத்திருந்து நுழைகிறார் என்பது அதன் சாரம். பின்னால் 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. கண்ணிமைக்கும் நேரம். அதற்குள் யோசித்துப் பதில் சொல்ல முடியாது, ஆகவே எதிராளி முடிக்குமுன்பே நாம் கிளம்பிவிடுகிறோம். பாதியில் வெட்டுபவர் பலநேரம் திமிரால் வெட்டுவதில்லை. தப்பான இடத்தை முடிவு என்று எண்ணி ஏறிவிடுகிறார், அவ்வளவுதான்.

அந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பதில் கண்ணுக்குப் பங்கு உண்டு. ஆடம் கெண்டன் 1967-இலேயே இதை எழுதினார்: பேசத் தொடங்கும்போது பேசுகிறவர் பார்வையை விலக்குகிறார், முடிக்கும்போது எதிராளியைப் பார்க்கிறார், அந்தப் பார்வைதான் "இனி நீங்கள்" என்ற சைகை. இதை நம் ஆபீசில் வைத்துப் பாருங்கள். மேலதிகாரியிடம் பேசும்போது நாம் ஒவ்வொரு சொற்றொடருக்கும் அவர் முகத்தைப் பார்க்கிறோம். ஒப்புக்கொள்கிறாரா, கோபப்படுகிறாரா? நமக்கு அது மரியாதை, கொஞ்சம் பயமும்கூட. அவர் மூளைக்கு அது திறந்த கதவு. "ஆறு பீஸ்" என்று சொல்லிவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் உள்ளே வந்துவிட்டார்.

இங்கே ஒரு இடைச்செருகல். போன வருஷம் வந்த ஒரு டிரெயினர், "தகவல் பரிமாற்றத்தில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், வார்த்தை வெறும் 7 சதவீதம்" என்று போர்டில் எழுதிப் போட்டார். இந்தக் கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளிலிருந்து வந்தது. தனித்தனி வார்த்தைகளை வெவ்வேறு குரலில் சொல்லவைத்து, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று கேட்ட சோதனைகள் அவை. உணர்ச்சியைத் தவிர வேறெதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். ஆறில் நான்கு ஒழுகுகிறது என்ற செய்தியில் 93 சதவீதத்தை எந்தப் புருவத்தால் சொல்வது? உடல்மொழி செய்தியைச் சுமப்பதில்லை. செய்தி வெளியே வருகிறவரை வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

வழி ஒன்று: நிறுத்தாமல் பேசுவது

ஒருவர் மேலே ஏறிப் பேசும்போது குரலை ஒரு பிடி உயர்த்தி, கையை லேசாகக் காட்டி, நம் வாக்கியத்தை முடிப்பது. 2020 அக்டோபரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில் மைக் பென்ஸ் குறுக்கிட்டபோது கமலா ஹாரிஸ் "நான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும்.

இது வேலை செய்யும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பெரும்பாலும் ஓரிரு அசைகளுக்குள் ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுகிறார் என்று ஷெக்லாஃப் பின்னாளில் காட்டியிருக்கிறார். அதாவது அந்த ஓரிரு அசையைத் தாண்டி நின்றால் பேச்சு உங்களுடையது. கைக்கும் பங்குண்டு. ஸ்டார்க்கி டங்கன் 1972-இல் கவனித்தது: பேசுகிறவரின் கை அசைந்துகொண்டிருக்கும்வரை, கேட்பவர் பேச்சை எடுக்க முயல்வது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. கை கீழே இறங்கி ஓய்ந்தால் வண்டி நின்றுவிட்டது என்று பொருள்.

ஆனால் எந்தக் கை? விரித்த உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டினால் நம் ஊரில் அது "நிறுத்துய்யா". சமமானவர்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டே காட்டலாம், மேலே இருப்பவரிடம் காட்டிவிட்டு இன்கிரிமென்ட்டை எதிர்பார்க்க முடியாது. ஒற்றை விரலும் அப்படித்தான், வாத்தியார் விரல். நான் முயன்றதில் பிரச்சினை தராதது ஒன்றே ஒன்று. உள்ளங்கை தரையைப் பார்க்க, இடுப்பு உயரத்தில், குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல ஒரு மெல்லிய தட்டு, கூடவே "இருங்க, முடிச்சுடறேன்". அந்த "முடிச்சுடறேன்" முக்கியம். எதிராளிக்கு வேண்டியது அவர் முறை எப்போது வரும் என்ற தகவல். வெறும் "இருங்க" அதைத் தருவதில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் இது பத்துக்கு எட்டுத் தடவை பலித்தது. ஜி.எம்.மிடம் ஒரே தடவை செய்தேன். வாக்கியத்தை முடித்தேன். அந்த நாள் முழுக்க அவர் என்னிடம் "சொல்லுங்க மேடம்" என்பதற்குப் பதிலாக "சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். கோவைக்காரர்களுக்கு இதன் எடை தெரியும்.

வழி இரண்டு: வாயை மூடி, உடம்பை மூடாமல் இருப்பது

பெரும்பாலோர் செய்வது பாதி மௌனம். பேச்சை நிறுத்துவார்கள், கூடவே நோட்டை மூடுவார்கள், ஒரு அடி பின்னால் போவார்கள், கையைக் கட்டிக்கொள்வார்கள். அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் "என் பேச்சு முடிந்தது" என்று அறிவித்தாகிவிட்டது. பிறகு மூன்று நிமிடம் கழித்து "நான் சொல்ல வந்தது என்னன்னா…" என்றால் அது புதுப் பேச்சு, பழசின் தொடர்ச்சியில்லை. புதுப் பேச்சுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

காஸ்டிங் விவகாரத்துக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது இது. வெட்டினால் உடனே நிறுத்திவிடுவேன், பாதி வார்த்தையிலேயே. ஆனால் நோட்டு திறந்தே இருக்கும். பேனா முனை நான் சொல்லிக்கொண்டிருந்த வரியின் மேலேயே நிற்கும். கால் நகராது. கண் ஜி.எம்.மைப் பார்க்காது, பேனா முனையைத்தான் பார்க்கும். அவர் பேசி முடிக்கும்போது அறையில் ஓர் அந்தரம் இருக்கும், ஏதோ தொங்கிக்கொண்டிருப்பதுபோல. யாராவது ஒருவர் என் நோட்டைப் பார்ப்பார். பல நாள் ஜி.எம்.மே, "ம், என்னமோ சொல்ல வந்தீங்க" என்பார்.

பாதி வார்த்தையில் நிறுத்துவதில்தான் சூட்சுமம். வாக்கியத்தை ஒப்பேற்றி முடித்துவிட்டு நிறுத்தினால் தொங்குவதற்கு எதுவும் இருக்காது.

இதன் விலை நேரம். பேச்சு திரும்பி வர அரை நிமிடமும் ஆகலாம், வராமலும் போகலாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, யாருக்காவது அடிபடும் நிலையில், இந்த நாகரிகமெல்லாம் உதவாது. அப்போது கத்த வேண்டியதுதான், யாரும் மரியாதை பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, உங்களை ஏற்கெனவே யாரும் கண்டுகொள்ளாத அறை என்றால் உங்கள் பேனா முனையையும் யாரும் பார்க்கப்போவதில்லை. ஸ்டோர்ஸ் அண்ணன் வருஷக்கணக்காக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

வழி மூன்று: வினையை முன்னால் போடுவது

இது தமிழ்போல வினை கடைசியில் வரும் மொழிகளுக்கு உரிய வைத்தியம் என்று நினைக்கிறேன், குறைந்தது எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. நம் மொழியில் தீர்ப்பு கடைசியில் வருகிறது. "இந்த லாட்டை இன்னைக்கு மெஷினுக்கு அனுப்ப…" என்ற இடம் வரைக்கும் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. அனுப்பலாம், அனுப்பக்கூடாது, அனுப்ப வேண்டியதில்லை, அனுப்ப முடியாது. எல்லாமே அந்தக் கடைசி அசைகளில் தொங்குகிறது. அவசரக்காரர் "அனுப்ப" என்றதும் "சரி அனுப்பிருங்க" என்றால் நாம் போட்ட முடிச்சு அவர் கையில் போய்விடும்.

பேச்சுத் தமிழ் இதற்கு வழியும் வைத்திருக்கிறது. "அனுப்பக்கூடாது சார், அந்த லாட்டை." "ஒழுகுது, ஆறுல நாலு." வினை முதலில் விழுந்துவிட்டால் அதற்குமேல் எங்கே வெட்டினாலும் சாரம் தப்பித்துவிடும். சந்தையில் மீன்காரம்மா இப்படித்தான் பேசுவார்: "வராது கண்ணு, அந்த விலைக்கு." அவரை யாரும் பாதியில் வெட்டிப் பார்த்ததில்லை.

இதையொட்டி ஒரு விஷயம் படித்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதங்களை ஆராய்ந்து டோன்யா ஜேகோபி, டிலன் ஷ்வீயர்ஸ் இருவரும் 2017-இல் வெளியிட்ட கட்டுரை. அங்கே பெண் நீதிபதிகளை ஆண் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் மிகுதியாகக் குறுக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் ஆராய்ந்த பன்னிரண்டு ஆண்டுகளில் அமர்வில் பெண்கள் 24 சதவீதம், ஆனால் 32 சதவீதக் குறுக்கீடுகள் அவர்கள்மேல் விழுந்தன. நீதிபதி பேசினால் வழக்கறிஞர் நிறுத்த வேண்டும் என்ற நெறி இருக்கும் இடத்திலேயே இப்படி! நான் சொல்ல வந்தது அடுத்ததுதான். ஆரம்பத்தில் பெண் நீதிபதிகள் "நான் ஒன்று கேட்கலாமா", "மன்னிக்கவும்" என்ற மாதிரி மரியாதை முன்னுரையோடு கேள்வியைத் தொடங்கினார்களாம். அந்த முன்னுரை முடிவதற்குள் யாராவது புகுந்துவிடுவார்கள். ஆண்டுகள் போகப் போக அவர்கள் முன்னுரையை விட்டுவிட்டு நேராகக் கேள்விக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். "சார், ஒரு சின்ன விஷயம் சார், தப்பா எடுத்துக்காதீங்க, நேத்து வந்த லாட் இருக்கில்லீங்களா…" என்று நானும் எத்தனை நாள் பாயை விரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

குறை என்றால், வினையை முதலில் போட்டால் கட்டளை மாதிரி ஒலிக்கிறது. குரலைத் தாழ்த்திச் சொன்னால் பாதி சரியாகிவிடும். "சார்" என்ற ஒரு சொல்லை வினைக்கு அடுத்து வைத்தால் மீதியும் சரியாகிவிடும். இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. யாருடைய அனுமதியும் வேண்டாம், யார் முகமும் வாடாது.

வழி நான்கு: முறை வைத்துப் பேசுவது

மேலே சொன்ன மூன்றும் வெட்டுப்பட்டவர் தலையில் பாரத்தை ஏற்றுகின்றன. முறை வைப்பது அறையையே மாற்றுகிறது. ஆளுக்கு இரண்டு நிமிடம், வரிசையாக, நடுவில் யாரும் பேசக்கூடாது.

இதற்கும் அந்த உச்ச நீதிமன்றமே நல்ல சாட்சி. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 2006 பிப்ரவரி முதல் 2016 பிப்ரவரி வரை, பத்து ஆண்டுகள், வாதத்தின்போது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கொரோனா வந்தது. 2020 மே மாதம் வாதங்கள் தொலைபேசிக்குப் போயின. யார் பேசப்போகிறார் என்று முகம் பார்த்து அறிய வழியில்லாததால் தலைமை நீதிபதி மூப்பு வரிசையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். முதல் நாளே தாமஸ் கேள்வி கேட்டார், அதன்பின் தொடர்ந்து கேட்டார். ஆள் அதேதான், வரிசை மட்டும் புதிது. 2021 அக்டோபரில் நேரில் கூடியபோது நீதிமன்றம் இரண்டையும் கலந்துகொண்டது. முதலில் வழக்கம்போல யார் வேண்டுமானாலும் புகுந்து கேட்கலாம், வழக்கறிஞரின் நேரம் முடிந்ததும் ஒவ்வொரு நீதிபதிக்கும் மூப்புப்படி ஒரு வாய்ப்பு. இந்த மாற்றத்துக்குக் குறுக்கீடு பற்றிய ஆய்வுகளும் ஓரளவு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயரே வெளிப்படையாகச் சொன்னார்.

எங்கள் ஜி.எம்.மிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "விட்டா பேசிட்டே இருப்பாங்களே மேடம்?" நியாயமான பயம். டாக்டர்களுக்கும் இதே பயம் உண்டு. 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் பார்த்ததில், நோயாளி வாய் திறந்து சராசரி 18 வினாடியில் டாக்டர் வெட்டிவிட்டார். பின்னர் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர்களைக் குறுக்கிடாமல் இருக்கச் சொல்லி அளந்தார்கள். 335 நோயாளிகள். தாங்களாக நிறுத்தும்வரை அவர்கள் பேசியது சராசரி 92 வினாடிதான், 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். உடம்பு சரியில்லாதவரே ஒன்றரை நிமிடத்தில் முடிக்கிறார், டிஸ்பேட்ச்காரர் முடிக்க மாட்டாரா? இந்தக் கணக்கு ஜி.எம்.முக்குப் பிடித்துவிட்டது. ஒன்பது பேர், இரண்டு நிமிடம், பதினெட்டு. மீட்டிங் இருபது நிமிடம்தானே.

நடைமுறையில் அவ்வளவு சுகமில்லை. முறை வைத்தால் உயிர் போய்விடுகிறது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் அங்கேயே பதில் சொல்வதில்தான் பாதிப் பிரச்சினை தீரும். முறைப்படி என்றால் டூல் ரூம்காரர் தன் பதிலை ஐந்து பேர் தாண்டிச் சொல்ல வேண்டும், அதற்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். சொல்ல ஒன்றுமில்லாதவரும் முறை வந்துவிட்டதே என்று எதையாவது சொல்வார். அப்புறம் முறையை யார் காப்பது? மக்களவையில் சபாநாயகர் எழுந்து நின்றால் பேசிக்கொண்டிருக்கும் உறுப்பினர் உட்கார்ந்துவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது, அவர் வார்த்தை பேசாமல் உடம்பாலேயே நிறுத்தலாம். நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறோம். ஜி.எம். உட்கார்ந்தால்தான் உண்டு.

பக்கத்தில் நிற்பவர்

ஐந்தாவது வழி என்று எண் போடத் தயக்கம், ஏனென்றால் இது நம் கையில் இல்லை. ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அலுவலர்கள் ஓர் உத்தி வைத்திருந்ததாக 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. ஒருத்தி முக்கியமான ஒன்றைச் சொன்னால், இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்லியே அதைத் திரும்பச் சொல்வாள். எங்கள் மீட்டிங்கில் பெண் நான் ஒருத்திதான். ஆனால் இதற்குப் பெண்தான் வேண்டும் என்றில்லை. ஒரு நாள் என் பேச்சு வெட்டுப்பட்டபோது மெயின்டனன்ஸ்காரர் ஒன்றுமே பேசவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஜி.எம். பேசி முடிக்கும்வரை. அடுத்தடுத்து இரண்டு பேர் திரும்பினார்கள். ஜி.எம்.மும் திரும்பினார். நான்கு வழிகளையும்விட வலுவானது அந்தப் பார்வைதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதைக் கேட்டு வாங்க முடியாது. மற்றவருக்குச் செய்யலாம்.

தனியாகப் போய்ப் பேசுவதும் உண்டு. "சார், நான் முடிக்கிறதுக்குள்ள நீங்க பேசிடறீங்க" என்று டீ வேளையில். ஒரு தடவை செய்யலாம். நல்ல மனிதர் என்றால் ஒரு வாரம் பலன் இருக்கும்.

திரைக்குள் போனால்

வியாழக்கிழமைகளில் புனே வாடிக்கையாளரோடு வீடியோ மீட்டிங். அங்கே கை, கண், பேனா முனை எதுவும் செல்லாது. நான் யாரைப் பார்க்கிறேன் என்றே திரையில் யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்குத் தாமதம் வேறு. குரல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக 150 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த நல்ல நிலையிலேயே கணக்குப் போடுங்கள். நான் முடித்தது அவர்களுக்குக் கேட்க 150, அவர்கள் வழக்கமான 200-இல் பதில் தொடங்க, அது எனக்கு வந்துசேர இன்னொரு 150. என் காதுக்கு அரை வினாடி மௌனம். அரை வினாடி என்பது நேர்ப் பேச்சில் "பதில் இல்லை" என்று பொருள்படும் நீளம். நான் மறுபடி தொடங்குகிறேன், அதே கணம் அவர்களும். "நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க". யார்மேலும் தப்பில்லை, வயரின் தப்பு.

ஆகவே திரையில் எனக்குச் சந்தேகமே இல்லை, முறைதான். பெயர் சொல்லி அழைப்பது, கை உயர்த்தும் பொத்தான், ஒவ்வொருவர் முடித்ததும் "முடிச்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வது. முதல் நாள் வயர்லெஸ் போலீஸ் மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது.

எங்கள் மீட்டிங்கில் நிலைத்தது

நேரில் நாங்கள் கடைசியில் நீதிமன்றத்தின் கலப்பைத்தான் எடுத்துக்கொண்டோம், வரிசையை மட்டும் தலைகீழாக்கி. முதல் ஒன்பது நிமிடம் முறை: ஆளுக்கு ஒரு நிமிடம், ஸ்டோர்ஸில் தொடங்கி ஜி.எம்.மில் முடியும். மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதற்குத் தாளம் போடுவதோடு சரி, அதனால் இந்தத் திருப்பம். இரண்டு நிமிடம் ஒன்றாகச் சுருங்கியது ஜி.எம். பேரம் பேசியதில். மிச்ச நேரம் திறந்த பேச்சு, அங்கே அவரவர் சாமர்த்தியம். என் சாமர்த்தியம்: மேலே இருப்பவர் என்றால் வழி மூன்று, தவறினால் இரண்டு. சமமானவர் என்றால் தாராளமாக ஒன்று.

முதல் வாரம் ஸ்டோர்ஸ் அண்ணன் தன் நிமிடத்தில் "ஒண்ணுமில்லீங்க" என்று தள்ளிவிட்டார். மூன்று நாளும் அதேதான். நான்காம் நாள் நோட்டைப் புரட்டி, "அந்தப் பழைய காஸ்டிங் வெண்டார்கிட்ட இருந்து மறுபடியும் ஒரு லோடு கேட்டுல நிக்குது, இறக்கறதா வேண்டாமா?" என்றார். எட்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். அவர் கையை இடுப்பு உயரத்தில் வைத்து, தரையைப் பார்த்து, மெல்லத் தட்டினார்.

"இருங்க, இன்னும் இருக்கு."